ஓடத் தெரிந்த பிள்ளைக்கு எந்த இடம்?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று சிட்னி பிளாக்டவுனிலிருந்து வந்தது. "என் மகனுக்கு 11 வயது. வகுப்பிலேயே அவன்தான் முதலில் ஓடி வருவான். ரக்பி லீக் டீமில் சேர்த்தோம். 'வேகமான பையன்' என்று சொல்லி ஓரத்தில், விங் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். பந்தே அவனிடம் வருவதில்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை வந்தால் வயிற்று வலி என்கிறான். எந்த இடத்தில் ஆடினால் அவனுக்கு நல்லது? கோச்சிடம் கேட்கலாமா? கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ?" என்று எழுதியிருக்கிறார் அந்தச் சகோதரி.

மேஸ் ஹில் முருகன் கோயில் வாசலிலும் இதே கேள்வியை என்னிடம் இரண்டு, மூன்று தாய்மார்கள் கேட்டதுண்டு. நாங்கள் இருக்கும் மேற்கு சிட்னியில் குளிர்காலச் சனிக்கிழமை என்றால் பாதி வீடுகளில் அடுப்பு சீக்கிரம் மூட்டப்படுகிறது. பிள்ளைக்கு காலையில் மாட்ச்! 'சமையல்கட்டில் இருக்கிறவளுக்கு ரக்பி எதற்கு?' என்று நினைக்க வேண்டாம். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அது நம் சமாசாரம்தானே!

ஆட்டம் என்ன?

ஊரில் இருக்கும் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்ம சடுகுடுவையும் ஓட்டப் பந்தயத்தையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒரு விளையாட்டு. பெரியவர்கள் ஆட்டத்தில் பக்கத்துக்கு 13 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து அழுத்தினால் அது 'டிரை', 4 புள்ளி. ஓடுகிறவனை எதிர்ப் பக்கத்தார் பிடித்துச் சாய்ப்பார்கள். அது 'டாக்கிள்'. 6 தடவை பிடிபட்டால் பந்து மறுபக்கம் போய்விடும். கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். காலால் முன்னே உதைக்கலாம்.

இது வயிற்றுப்பாட்டில் பிறந்த ஆட்டம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1895ல் இங்கிலாந்தின் வட பகுதியில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள், சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடுகிறதே, அதை ஈடுகட்டிக் கொடுங்கள் என்றார்கள். ரக்பி சங்கத்தார் சம்மதிக்கவில்லை. அந்த வருஷம் ஆகஸ்ட் 29ந் தேதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடி, வடக்கத்தி கிளப்புகள் பிரிந்து வந்துவிட்டன. 1906ல் 15 பேரை 13 ஆக்கினார்கள். 1908ல் சிட்னியில் போட்டிகள் ஆரம்பமாயின. இன்றைக்கும் இங்கே உழைப்பாளிகள் குடியிருக்கும் பகுதிகளில்தான் இதற்கு மவுசு ஜாஸ்தி.

யார் எங்கே நிற்பார்கள்?

பனியனில் உள்ள நம்பரைப் பார்த்தாலே இடம் தெரியும். 1 ஃபுல்பேக், எல்லோருக்கும் பின்னால் கடைசி ஆள். 2ம் 5ம் விங், இரண்டு ஓரங்கள். 3ம் 4ம் சென்டர், விங்குக்கு உள்பக்கம். 6 ஃபைவ் எய்ட், 7 ஹாஃப்பேக். டீமுக்கு வழி சொல்லி நடத்துகிற இரண்டு பேர். 8ம் 10ம் ப்ராப் என்கிற பலசாலிகள். 9 ஹூக்கர். 11, 12, 13 மற்ற முன்வரிசைக்காரர்கள்.

வேகமான சின்னப் பையன் என்றால் யோசிக்காமல் விங்கில் நிறுத்துவது எல்லா ஊரிலும் நடப்பது. அதில் நியாயமும் உண்டு. ஓரத்தில் இடம் கிடைத்தால் வேகக்காரனை யாராலும் பிடிக்க முடியாது. நார்த் சிட்னி, மேன்லி கிளப்புகளுக்கு 1958லிருந்து 1973 வரை ஆடிய கென் இர்வின் விங்கில் நின்றே 212 டிரை போட்டார். ஆனால் அது பெரியவர்கள் ஆட்டம். ஒருவர் மாற்றி ஒருவர் சரியாகப் பந்தைக் கொடுத்து ஓரம் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பார்கள். 11 வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பந்து நடுவிலேயே நாலு பேர் கையில் நழுவிவிடும். கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வந்து சேராத கதைதான்!

வேகம் ஒன்றல்ல, நாலு

எங்கள் பக்கத்து வீட்டில் டோங்கா தேசத்துப் பாட்டியம்மாள் ஒருவர் இருக்கிறார். ஐந்து பேரன்களை இந்த ஆட்டத்தில் வளர்த்துவிட்டவர். அவரிடம் பேசியும், வேலியோரம் நின்று பார்த்தும் நான் தெரிந்துகொண்டது இது.

ஒன்று, நெடுந்தூர வேகம். கிளம்பும்போது சுமாராக இருக்கும், 20 மீட்டர் தாண்டியதும் யாருக்கும் எட்டாது. இது விங்குக்கு ஏற்றது.

இரண்டு, முதல் ஐந்தடி வேகம். 40 மீட்டர் ஓடினால் இரண்டாவதாகத்தான் வருவான். ஆனால் கிளம்புவது அம்பு மாதிரி. இது ஹூக்கருக்கு வேண்டியது. பிடிபட்டவன் காலுக்குப் பின்னால் பந்தை உருட்டியதும் குனிந்து எடுத்து, எதிரிகள் நிமிர்வதற்குள் புகுந்து ஓடுவது அவன் வேலை. ஹாஃப்பேக்குக்கும் இது உதவும்.

மூன்று, திரும்புகிற வேகம். வேகத்தைக் குறைக்காமல் இடம் வலம் மாறுவது. சந்தையில் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்களே, அது. சென்டர், ஃபைவ் எய்ட், ஃபுல்பேக் மூன்றுக்கும் பொருந்தும்.

நான்கு, கண்ணின் வேகம். பந்து எங்கே வரப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பது. கால் சுமாரானாலும் இந்தப் பிள்ளை 'வேகமானவன்' என்று பேர் வாங்குவான். இது ஃபுல்பேக்குக்கும் ஹாஃப்புக்கும் உயிர்.

வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலேயே இதைப் பார்த்துவிடலாம். செருப்புகளை அடையாளமாக வைத்து 10 மீட்டரும் 40 மீட்டரும் தனித்தனியாக ஓடச் சொல்லுங்கள். அக்காவோ தம்பியோ கூட ஓடட்டும். யார் எதில் முந்துகிறார்கள் என்று பாருங்கள். பிறகு ஆறு செருப்பை வளைத்து வளைத்து வைத்து அதற்குள் ஓடச் சொல்லுங்கள். கடைசியில் பந்தை உயரே எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பாட்டியம்மாள் இன்னொன்றும் சொன்னார். "பந்து போகிற பக்கம் பார்க்காதே. பந்து உன் பிள்ளைக்குத் தூரத்தில் இருக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று பார். அதுதான் அவனுடைய இடத்தைச் சொல்லும்."

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் இரண்டாவது மகனுக்குப் போன வருஷம் 13 வயது, எடை 38 கிலோ. அதே வயதுப் பிள்ளைகளில் அவனைப் போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு எடையுள்ளவர்கள் உண்டு. அவனும் விங்கில்தான் நின்றான். என் வீட்டுக்காரருக்கு அதில் திருப்தி. "ஓரமா நிக்கட்டும், அடி படாது" என்பார். பையனோ, "அம்மா, அங்க நின்னா குளிருதும்மா" என்றான். பந்து வராமல் ஜூலை மாதக் காலையில் சும்மா நின்றால் குளிராமல் என்ன செய்யும்?

அவன் ஆட்டத்தை விட்டுவிடப் போகிறான் என்று எனக்குப் பட்டது. வாயால் சொல்லவில்லை, பூட்ஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். அப்போதுதான் பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு மாட்சிலும் பந்து எத்தனை தடவை கைக்கு வந்தது, எத்தனை பேரைப் பிடித்தான், எத்தனை பேர் தப்பினார்கள், பந்து இல்லாதபோது என்ன செய்தான், நாலே நாலு பத்தி.

விங்கில் மூன்று மாட்சுகள்: பந்து கைக்கு வந்தது 4, 3, 5. பந்து இல்லாத பத்தியில் நான் எழுதியிருந்தது: 'கையைக் காட்டிக் கத்துகிறான். மற்றவர்களுக்கு இடம் சொல்கிறான். நடுப்பக்கம் நகர்ந்து வருகிறான்.' புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் உண்டு. இவன் அப்படியில்லை, முழு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சென்டரில் ஒரு மாட்ச் ஆடினான். பந்து 9 தடவை வந்தது. ஆனால் 11 பேரைப் பிடிக்கப் போய் 6 பேர் தப்பினார்கள். நேருக்கு நேர் மோதி நிறுத்தும் கனம் அவனுக்கு இன்னும் வரவில்லை. ஹூக்கரில் அரை ஆட்டம். பந்து ஓயாமல் வந்தது, உற்சாகம்தான். ஆனால் ஹூக்கர் நடுவில் நின்று பலசாலிகளையெல்லாம் பிடிக்க வேண்டும். களைத்துப் போய்விட்டான். ஃபுல்பேக்கில் இரண்டு மாட்சுகள்: பந்து 16, 17 தடவை. பிடித்தது 4 பேர்தான், அதுவும் பின்னாலிருந்து துரத்திப் பிடித்தது. அன்று இரவு சொல்லாமலே பூட்ஸைத் துடைத்து வைத்தான்.

பெரிய ஆட்டக்காரர்கள் சொல்லும் பாடம்

ஒரே இடத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள் மட்டும்தான் ஜெயித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரிஸ்பேனின் டேரன் லாக்கியர் ஃபுல்பேக்காகப் பேர் வாங்கியவர். 2004ல் ஃபைவ் எய்ட்டுக்கு மாறினார். 2006ல் அந்த இடத்திலிருந்தே தலைவராக டீமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். நியூகாஸில் டீமின் கேலின் போங்கா 2023ல் ஃபைவ் எய்ட்டில் ஆரம்பித்து, மறுபடி ஃபுல்பேக்குக்குத் திரும்பி, அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கத்தையே வாங்கிவிட்டார். ஒருவருக்கு மாற்றம் கைகொடுத்தது, இன்னொருவருக்குப் பழைய இடமே உதவியது. பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உருவம் சின்னது என்று கவலைப்படுகிற தாய்மார்களுக்கு இரண்டு பேர். சவுத் சிட்னியின் கிளைவ் சர்ச்சில் சிறிய உருவம்தான். பின்னால் நின்று காவல் காக்கும் வேலையாக இருந்த ஃபுல்பேக்கை முன்னேறித் தாக்கும் இடமாக மாற்றிக் காட்டியவர். கடைசிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1986லிருந்து கொடுக்கும் பதக்கம் இவர் பெயரில்தான் இருக்கிறது. இன்னொருவர் பிரிஸ்பேனின் ஆலன் லாங்கர். 5 அடி 5 அங்குலம்தான். ஹாஃப்பேக்காக ஆடி, 1992லும் 1993லும் தலைவராகக் கோப்பை வாங்கினார்.

கோச்சிடம் எப்படிப் பேசுவது?

இந்தச் சின்னக் கிளப்புகளில் கோச் என்பவர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளையின் அப்பா. சம்பளம் கிடையாது. எங்கள் கோச் பிளம்பர். வாரம் முழுக்க உழைத்துவிட்டு, இரண்டு சாயந்தரமும் ஒரு காலையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

மாட்ச் நடக்கிற நாளில் கேட்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் எதிரில் கேட்காதீர்கள். பயிற்சி முடிந்து கூம்புகளைப் பொறுக்கும்போது நாமும் நாலு கூம்பு பொறுக்கிக்கொண்டே கேட்கலாம். "என் மகனை ஃபுல்பேக்கில் போடுங்கள்" என்று கேட்காமல், "இவன் இன்னும் என்ன கற்றுக்கொண்டால் வேறு இடத்திலும் ஆட முடியும்?" என்று கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உயரப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும்" என்றார். மூன்று வாரம் பின்கட்டில் அதுதான் வேலை. துணி உலர்த்தும் கம்பத்துக்கு மேலாகப் பந்தை எறிந்து எறிந்து என் தோள்பட்டை வலித்தது! அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு மாட்சுகள் கிடைத்தன.

நம் பிள்ளை ஓரிடத்துக்கு வந்தால் அங்கே இருந்த பிள்ளை நகர வேண்டும். அவனுக்கும் ஒரு அம்மா வேலியோரம் நிற்கிறாள். அதனால் மாற்றி மாற்றி ஆடவிடும் ஏற்பாடு சின்ன வயதில் எல்லோருக்கும் நல்லது.

தலையில் அடி

ஃபுல்பேக்கில் மூன்றாவது மாட்ச். உயரே வந்த பந்தைப் பிடிக்கக் குதித்தவனின் தலையில், ஓடி வந்த பையனின் முழங்கால் பட்டது. எழுந்து நின்றான், ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. உடனே வெளியே அழைத்துவந்துவிட்டார்கள். இதற்குப் பெயர் கன்கஷன், மூளை அதிர்ச்சி. மயக்கம் போட்டால்தான் என்றில்லை. தலைவலி, வாந்தி, கண் கூசுவது, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாத அழுகை எதுவானாலும் அன்று திரும்ப ஆட விடக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். இங்கே ஆஸ்திரேலிய விளையாட்டு நிலையம் 2024ல் வெளியிட்ட வழிமுறைப்படி, தொந்தரவுகள் முழுக்க நின்று 14 நாள் ஆன பிறகுதான் மோதல் உள்ள பயிற்சி. அடிபட்டதிலிருந்து குறைந்தது 21 நாள் போட்டி கிடையாது. தலைக்கு மாட்டும் மெத்தைக் குல்லாய் காதையும் தோலையும் காப்பாற்றும். மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. பல்லுக்கு மவுத்கார்டு கண்டிப்பாக வேண்டும்.

அந்த 21 நாளும் எங்கள் வீட்டில் ஒரே விவாதம். "ஓரத்துக்கே போகட்டும்" என்றார் இவர். வேண்டாமென்றே சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. பையன் ஒன்றும் பேசவில்லை. அப்போது எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றுதான்: எந்த இடத்தில் ஆபத்து அதிகம்? விசாரித்ததில், பிடிபடுகிறவனைவிடப் பிடிக்கப் போகிறவனுக்குத்தான் இந்த அடி அதிகம் என்றார்கள். தலையை எதிராளியின் முன்னால் குறுக்கே நீட்டிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அப்படிப் பார்த்தால் நடுவில் நின்று நிறையப் பேரைப் பிடிக்கிற இடங்களைவிட ஃபுல்பேக் மோசமில்லை. விங்குக்கும் உயரப் பந்து வரத்தான் செய்யும். இடத்தை மாற்றுவது முழுப் பாதுகாப்பு ஆகாது. சரியாகப் பிடிக்கவும், சரியாகக் குதிக்கவும் தெரிவதுதான் பாதுகாப்பு.

டாக்டர் சரி என்றதும் ஒரு நிபந்தனை போட்டோம். தலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும், பந்துக்குக் குதிக்கும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, "என்னுது!" என்று உரக்கக் கத்துவதையும் கோச் பார்த்துத் திருப்தி என்ற பிறகுதான் மாட்ச். ஐந்தாவது வாரம் திரும்பப் போனான். எனக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது, இன்றைக்கும். ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. வேண்டாம் என்று சொல்கிற தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை

மாட்சுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால் இட்லி போதும். பூரி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். இடைவேளையில் இங்கே ஆரஞ்சைக் கீற்றாக நறுக்கிக் கொடுப்பது வழக்கம், நல்ல வழக்கம். முடிந்து வந்ததும் முட்டையோ பருப்பு சாதமோ தயிரோ உடனே கொடுங்கள். குளிர்தானே என்று தண்ணீர் குடிக்காமல் விடுவார்கள், கவனியுங்கள்.

பிளாக்டவுன் சகோதரிக்கு

உங்கள் மகனுக்கு 11 வயதுதான். இன்னும் நாலு வருஷத்தில் உயரம், எடை, குரல், எல்லாம் மாறும். இன்று எல்லோரையும் முந்துகிறவன் 15 வயதில் நடுவில் வரலாம். கால் வேகத்தை மட்டும் நம்பி ஓரத்திலேயே நின்றவனுக்கு அன்று கையில் வேறு தொழில் இருக்காது. அதனால் நிரந்தரமான இடம் இப்போது தேட வேண்டாம். இந்த வருஷத்தில் குறைந்தது மூன்று இடங்களில் ஆடிப் பார்க்கட்டும். பந்து அடிக்கடி கைக்கு வருகிற இடம் ஒன்று அதில் இருக்கட்டும்.

சனிக்கிழமை வயிற்று வலிக்கு, "வலிக்கிறதா, குளிருகிறதா, பயமா இருக்கிறதா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். குளிர் என்றால் பந்து வரவில்லை என்று அர்த்தம். இடத்தை மாற்றினால் சரியாகிவிடும். பயம் என்றால் பிடிக்கச் சொல்லித் தர வேண்டும், இடமாற்றம் உதவாது. இரண்டும் இல்லாமல் பிடிக்கவே இல்லை என்றால், ஓடத் தெரிந்த பிள்ளைக்கு ஓட்டப் பந்தய கிளப்பும் இருக்கிறது, கால்பந்தும் இருக்கிறது. கயிற்றுக்குப் பதில் இடுப்பில் பட்டை கட்டி, அதை உருவினாலே பிடித்ததாகக் கணக்கு வைக்கிற 'டாக்' ஆட்டமும் இருக்கிறது. அதில் மோதலே கிடையாது.

பெண் குழந்தை வைத்திருக்கிறவர்களே, இதெல்லாம் உங்களுக்கும்தான். 2018லிருந்து பெண்களுக்கும் தேசியப் போட்டி நடக்கிறது. எங்கள் தெருவில் ஹாஃப்பேக் ஆடுகிற ஒரு தமிழ்ப் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் போடுகிற சத்தத்துக்கு 12 பேரும் ஓடுகிறார்கள்!

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நாலு பத்தி போடுங்கள். மூன்று மாட்ச் எழுதிய பிறகு அதைப் பையனிடமே காட்டி, "நீ என்னடா சொல்றே?" என்று கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.